செங்குத்துப் பாறைக்கு வேலியின் பெயர்

செங்குத்தான பாறைச் சரிவுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! கிளிஃப், பிரெசிபிஸ், எஸ்கார்ப்மெண்ட், பாலிசேட்ஸ்... அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கும். ஆனால் அவை பிறந்த இடங்கள் வேறு வேறு.

கிளிஃப் என்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். பிரெசிபிஸ் லத்தீனிலிருந்து வந்தது. "தலைகுப்புற" என்பது அதன் அடிப்படை. அதாவது, மேலிருந்து விழப்போகிறவனின் பயம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மற்ற இரண்டும் சிப்பாய்களிடமிருந்து வந்தவை. மனிதன் கட்டிய அரணின் பெயரை எடுத்து, இயற்கையாக நின்ற பாறைக்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் சுவையான கதை.

முதலில் பாலிசேட். லத்தீனில் "பாலுஸ்" என்றால் நட்டு வைக்கும் மரக்கழி. கம்பத்தைக் குறிக்கும் போல், வேலியைக் குறிக்கும் பேல், கழுவேற்றுவதைக் குறிக்கும் இம்பேல் எல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து வந்தவை. (தமிழிலும் "கழு" என்பது கூரிய கழிதான்!) கூராகச் சீவிய கழிகளை நெருக்கமாக நட்டு அமைக்கும் வேலிதான் பாலிசேட். இங்கிலாந்திலிருந்து போனவர்கள் 1607-இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, முதல் வேலைகளில் ஒன்றாக இப்படி ஒரு வேலியைத்தான் எழுப்பினார்கள்.

சுவர் என்று பொருள்படும் "வால்" என்ற எளிய சொல்லின் கதையும் இதேதான். ரோமப் படை நாள் முழுக்க நடந்து களைத்தாலும், இரவில் தங்கும் இடத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கரையாகக் குவித்து, மேலே கழிகளை நடும். கழிக்கு "வல்லுஸ்", கழி நட்ட கரைக்கு "வல்லும்". அந்த வல்லும்தான் ஆங்கிலத்தில் வால் ஆனது. ஆக, கல்லில் கட்டிய கோட்டைச் சுவரின் பெயருக்கு அடியிலும் ஒரு மரக்கழி ஒளிந்திருக்கிறது.

அடுத்தது எஸ்கார்ப்மெண்ட். 1494-இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸ் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் புகுந்தார். ஏணி வைத்து ஏறுகிறவர்களைத் தடுக்கத்தான் பழைய கோட்டைச் சுவர்களை உயரமாகக் கட்டியிருந்தார்கள். பீரங்கிக் குண்டுக்கு முன்னால் அந்த உயரமே பலவீனம் ஆனது. எனவே இத்தாலியப் பொறியாளர்கள் கணக்கை மாற்றினார்கள். சுவரைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, பின்னால் மண்ணைக் கொட்டி, வெளிமுகத்தைச் சாய்வாக அமைத்தார்கள். அந்தச் சாய்வுக்குப் பெயர் "ஸ்கார்ப்பா". அது பிரெஞ்சில் எஸ்கார்ப் ஆகி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்கார்ப்மெண்ட் என்று ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு நிலவியலாளர்கள் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஒரு பக்கம் திடீரென்று செங்குத்தாக இறங்கி, மறுபக்கம் மெதுவாகச் சரியும் நிலத்துக்கு இன்று அதுதான் பெயர். நயாகரா அருவி விழுவதும் அப்படி ஓர் எஸ்கார்ப்மெண்டிலிருந்துதான்.

சரி, பாறைக்கு வருவோம். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு எதிரே தொடங்கி, சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாறை வரிசை நிற்கிறது. உயரமான இடங்களில் 150 மீட்டரைத் தாண்டும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் புகுந்த பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியபோது, மேலிருந்து கீழாகப் பிளந்து தூண் தூணாகப் பிரிந்தது. ஆற்றில் படகில் போகிறவர்களுக்கு அது ராட்சதக் கழிகளை நட்டு வைத்த வேலி மாதிரியே தெரியும். அதனால் அதன் பெயர் "தி பாலிசேட்ஸ்".

1776-இல் அமெரிக்க விடுதலைப் போர். ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்கு ஆற்றின் இரு கரையிலும் கோட்டைகள் இருந்தன. கிழக்கே வாஷிங்டன் கோட்டை. மேற்கே பாலிசேட்ஸ் மேல் லீ கோட்டை. நவம்பர் 16-இல் கிழக்குக் கோட்டை விழுந்தது. சுமார் 2,800 பேர் சிறைப்பட்டார்கள். மேற்கே இருந்தவர்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் நடுவே மிச்சம் இருந்தவை ஆறும் பாறையும்தான்.

நவம்பர் 20 காலை சுமார் 5,000 பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ கோட்டைக்குச் சில மைல் வடக்கே படகில் இறங்கினார்கள். அங்கே பாறையின் ஊடாகச் செங்குத்தான, குறுகிய பாதை ஒன்று இருந்தது. அதை மறிக்க ஆள் இல்லை. சிப்பாய்கள் ஏறினார்கள். பீரங்கிகளையும் மேலே இழுத்தார்கள். செய்தி எட்டியதும் வாஷிங்டனின் படை கூடாரங்களையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் பின்வாங்கியது. ஆள் தப்பியதே பெரிய விஷயம்!

அந்த ஏற்றத்தை நடத்திய தளபதி யார் தெரியுமா? கார்ன்வாலிஸ். ஆம், பள்ளி வரலாற்றுப் பாடத்தில் 1793-ஆம் ஆண்டு நிரந்தர நிலவரித் திட்டத்தோடு வரும் அதே கார்ன்வாலிஸ்தான். அவருக்கு மேலே இருந்த தலைமைத் தளபதி வில்லியம் ஹோ. ஹோவுக்குப் பாறை ஏறும் வித்தை புதிதல்ல. 1759 செப்டம்பர் 13 விடியும் முன், கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே இன்னொரு செங்குத்துச் சரிவில் பிரிட்டிஷ் படை ஏறியபோது, முன்னணிப் பிரிவை நடத்தியவர் அவர். அங்கேயும் சரிவை நம்பி பிரெஞ்சுக்காரர்கள் சிறிய காவலை மட்டுமே வைத்திருந்தார்கள். அன்று காலையே கியூபெக் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது.

இரண்டு இடத்திலும் பாறை தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. ஏறும் வழியை ஒன்றிரண்டு குறுகிய பாதைகளாகச் சுருக்கிக் கொடுத்தது. அந்தப் பாதையில் ஆட்களை நிறுத்துவது மனிதனின் வேலை. ரோமச் சிப்பாய் கழி நட்ட பிறகும் இரவெல்லாம் காவல் நின்றான். கழிவேலி ஆளில்லாமல் காக்காது என்று அவனுக்குத் தெரியும். அதே வேலியின் பெயரைப் பாறைக்கு வைத்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். பார்க்க உயரமாக இருந்ததால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு காலம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லி வேண்டியிருந்தது. குவாரிக்காரர்கள் பாலிசேட்ஸை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். இப்போது பாறையைக் காக்க மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். நியூ ஜெர்சியின் பெண்கள் சங்கங்கள் குரல் எழுப்பின. 1900-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரு பூங்கா ஆணையத்தை அமைத்தன. பெரிய குவாரியை விலைக்கு வாங்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் 1,22,500 டாலர் கொடுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே வெடிச் சத்தம் நின்றது.

1931-இல் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், ஒரு காலத்தில் அந்த இரு கோட்டைகளும் எதிரெதிரே நின்ற இடத்தை இணைக்கிறது. கோட்டைகள் இரண்டும் இன்று இல்லை. பாறை மட்டும் வேலியின் பெயரோடு அப்படியே நிற்கிறது.