விலகிச் செல்லும் வாய்ப்பு: காலடிப்பேட்டை நெசவும் இணையச் சந்தையும்

திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை, சென்னைப் பட்டணத்தில் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். ஏற்றுமதித் துணிக்கு நெசவாளர் சென்னைக் கோட்டைக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. முன்பணம் கொடுத்து நெய்யச் சொல்வது அன்றைய வழக்கம். முன்பணம் வாங்கியவர் கடனாளி, கடனாளி என்றால் கட்டுண்டவர் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். தென்னிந்திய நெசவாளரைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூல் வேறு சித்திரத்தைத் தருகிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலக முடிந்தது. பணம் கொடுத்த வணிகருக்கு அவ்வளவு எளிதில் விலக முடியவில்லை. துணி வாங்க ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், உள்நாட்டு வணிகர் எனப் பலர் போட்டியிட்டனர். அரசியல் அதிகாரம் கைக்கு வந்தபின், நூற்றாண்டின் பிற்பகுதியில், கம்பெனி இடைவணிகரை அகற்றி, நெசவாளரைத் தன் ஆட்கள் வழியே நேராகக் கட்டுப்படுத்தி, பிறருக்கு நெய்வதைத் தடுத்தது. தறியும் முன்பணமும் முன்போலவே இருக்க, விலகும் வாய்ப்பு போனதால் நெசவாளரின் பேரம் பேசும் வலிமை மட்டும் சரிந்தது. இன்றைய இணையச் சந்தைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இணையச் சந்தையை ஒழுங்குபடுத்துவது பற்றிய நம் விவாதம் பெரும்பாலும் நிறுவனத்தின் பருமனையும் அது வாங்கும் கமிஷனின் அளவையும் சுற்றியே நடக்கிறது. ஓர் இணையத் தளத்தை நம்பிப் பிழைப்பவர், பிழைப்பை இழக்காமல் அதைவிட்டு விலக முடிகிறதா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் வாதம். விலக முடிந்தால் கமிஷன் தானாக இறங்கும். முடியாவிட்டால் எத்தனை கோடி அபராதம் விதித்தாலும் அது பெரிதாக இறங்காது.

இதற்கு நம் கண்முன் இரண்டு சான்றுகள் உள்ளன. ஆட்டோ ஓட்டுநர் ஒரே கைபேசியில் இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து வைத்திருக்கலாம். சவாரி எதில் வந்தாலும் வண்டி அவருடையது, சாலை எல்லோருக்கும் பொது. 2022இல் பெங்களூரில் நம்ம யாத்ரி என்ற செயலி கமிஷன் இல்லாத சேவையைத் தொடங்கியபின், ஓட்டுநர்கள் அங்கே போவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் உபர் நிறுவனமே ஆட்டோவுக்குக் கமிஷனைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. கமிஷனைக் குறைக்கச் சொல்லி இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது சான்று சென்னையிலிருந்து தொடங்கிய வழக்கு. இங்கிருந்து இயங்கும் மேட்ரிமோனி.காம், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டுவதாகக் கூகுள் மீது 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. 2018 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது, அபராதம் 135.86 கோடி ரூபாய். பின்னர் சிக்கல் கூகுளின் செயலிக்கடையான பிளே ஸ்டோர் வாங்கும் கட்டணத்துக்கு நகர்ந்தது. 2022 அக்டோபரில் ஆணையம் 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் செயலிக்காரர்கள் வேறு வழியில் பணம் வசூலிக்கக் கூகுள் அனுமதித்தது. ஆனால் கட்டணத்தில் குறைந்தது 4 சதவீதப் புள்ளிகள்தான், 30 என்பது 26 ஆயிற்று. மேட்ரிமோனியும் வேறு நிறுவனங்களும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகின. இது போட்டி ஆணையத்தின் எல்லைக்குள் வருவது என்று 2023 ஆகஸ்டில் மனுக்கள் தள்ளுபடியாயின. 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் பல இந்தியச் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன, மேட்ரிமோனியின் பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. சில நாட்களில் மத்திய அரசு தலையிட்டபின் அவை திரும்பின. பல ஆண்டுகளாக வழக்காடிய ஒரு பெரிய நிறுவனத்துக்கே அமைச்சரின் பேச்சுவார்த்தை தேவைப்பட்டதென்றால், ராயபுரத்திலோ எண்ணூரிலோ செயலி எழுதிப் பிழைக்கும் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு என்ன கதி? இந்தியக் கைபேசிகளில் மிகப் பெரும்பான்மை ஆண்ட்ராய்டில் ஓடும்போது, அவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

ஆட்டோ உதாரணமே ஒழுங்குமுறை தேவையில்லை என்று காட்டவில்லையா என்று கேட்கலாம். ஓட்டுநருக்கு விலகும் வாய்ப்பு தொழிலின் இயல்பிலேயே அமைந்திருந்தது. செயலிக்கடையில் அது இல்லை. சட்டம்தான் உண்டாக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனையில் எந்தச் செயலியும் எந்த வங்கியோடும் இணையலாம், இருந்தும் ஃபோன்பேயும் கூகுள் பேவும் சேர்ந்து ஏறத்தாழ 80 சதவீதத்தை வைத்திருக்கின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான். விலகும் வாய்ப்பு இருந்தும் சந்தை ஓரிருவர் கையில் குவியலாம். ஆனால் கடைக்காரரின் மேசையில் ஒட்டிய க்யூஆர் அட்டையை எந்தச் செயலியாலும் படிக்க முடிகிறது. வாடிக்கையாளரை இழக்காமல் அவர் நாளையே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறாமல் இருப்பவரையும் மாற முடியாதவரையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நம் கொள்கை விவாதம் பருமனிலேயே சிக்கிக்கொள்கிறது.

தளத்தைக் கட்டியவர் முதலிட்டவர், விதி வகுக்கும் உரிமை அவருடையது என்ற வாதத்தையும் நான் தள்ளவில்லை. கட்டணம் வாங்கட்டும். ஆனால் தன் வாடிக்கையாளரிடம் வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்வதைக்கூட ஒரு விற்பனையாளருக்குத் தடுக்கும் விதி முதலீட்டைக் காக்கவில்லை, வெளிக்கதவைத்தான் பூட்டுகிறது.

மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு இந்த இடத்தைத் தொடத்தான் செய்கிறது. தவறு நடந்தபின் விசாரிக்கும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு மாறாக, பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை அது விதிக்கிறது. மீறினால் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம். ஆறு ஆண்டு காத்திருக்க வைத்த மேட்ரிமோனி வழக்கே இந்த மாற்றத்துக்குப் போதிய நியாயம். ஆனால் வரைவு முதலில் அளப்பது பருமனை: இந்திய வருவாய் 4,000 கோடி ரூபாய், ஒரு கோடிப் பயனர் அல்லது 10,000 வணிகப் பயனர் போன்ற வரம்புகள். வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களும் இதில் சிக்கும் என்ற தொழில்துறையின் அச்சத்துக்கு இங்கே நியாயம் உண்டு. விலக எளிதான சேவையையும் விலகவே முடியாத சேவையையும் ஒரே வரம்பு பிடித்துவிடும். அந்தந்தச் சேவைக்குரிய நடத்தை விதிகளையோ ஆணையம் பிறகு வகுக்கட்டும் என்று வரைவு விட்டுவிடுகிறது. தரவை எடுத்துச்செல்லும் வசதி, வெளியே பணம் வசூலிக்கும் உரிமை, தளத்துக்கு வெளியே வாடிக்கையாளரோடு பேசும் உரிமை ஆகிய மூன்றையும் முழு விவரத்தோடு சட்டத்தின் உடலிலேயே எழுதி, ஆட்டோச் சவாரி போன்ற சந்தைகளைவிட இயங்குதளம், செயலிக்கடை, தேடல் ஆகியவற்றுக்கு அவற்றை முதலில் பொருத்த வேண்டும். மீதமுள்ள நடத்தை விதிகளை அறிவிக்க ஆணையத்துக்கு ஒரு காலக்கெடுவும் வேண்டும்.