மணலில் ஊன்றிய கல்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, திருவரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கிழக்கே கல்லணை அருகில் மீண்டும் கொள்ளிடத்தை நெருங்குகிறது. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் அந்த அணையை அதன் வயதுக்காகவே நாம் போற்றுகிறோம். அதைவிட வியப்புக்குரியது அதன் அடித்தளம். பாறையைத் தேடாமல் ஆழங்காணாத ஆற்றுமணலிலேயே அது ஊன்றப்பட்டது.

மண்ணின் வலிமை நிலையானதன்று. ஈரமணலில் சிறுவர்கள் கோபுரம் கட்டலாம். காய்ந்தால் அது உதிர்ந்துவிடும். அதே மணலில் அடியிலிருந்து நீர் பொங்கினால் நிற்பவனையே உள்வாங்கும். களிமண்ணோ கோடை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, புதுத்தண்ணீர் வந்ததும் உப்பி மூடிக்கொள்ளும்.

அணை கட்டியோர் இந்த இயல்போடு மல்லுக்கு நிற்கவில்லை. பெருங்கற்களை மணலில் இட்டனர். நீர் அரிக்க அரிக்க அவை அமிழ்ந்தன. மேலும் கற்களை இட்டனர். அமிழ்தல் நின்ற இடமே அஸ்திவாரமாயிற்று. கற்களுக்கு இடையே இட்ட களிமண், நீருக்கடியில் உலராததால் வெடிக்கவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல்மேடிட, நீரெல்லாம் தாழ்ந்த கொள்ளிடத்தில் ஓடித் தஞ்சை வயல்கள் தவித்தன. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியோரிடமே கற்றதாக அவர் மனந்திறந்து எழுதினார்.

இவ்வித்தைக்குக் கணக்கு பின்னரே வந்தது. மண்துகள்களிடையே உள்ள நீர் சுமையின் ஒரு பங்கைத் தாங்குகிறது, எஞ்சிய பங்கே மண்ணின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை அடிப்படையாக்கி, 1925இல் டெர்சாகி மண் இயக்கவியல் நூலை வெளியிட்டார். 1990இல் அலோன்சோவும் அவருடைய பார்சிலோனா சகாக்களும் முழுதும் நனையாத மண்ணுக்கு ஒரு கணித மாதிரியை அமைத்தனர். அதே ஆண்டில் ஹூக்கெல், போர்செட்டோ இருவரும் களிமண்ணின் கணக்கில் வெப்பத்தையும் சேர்த்தனர்.

எனினும் எந்தக் கணக்கும் மண் அங்கே இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் தொடங்குகிறது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. முதுமையா, வெள்ளத்தின் வேகமா, மணல் அள்ளியதா என்ற விவாதம் எழுந்தது; புதிய கதவணையும் கட்டப்பட்டது. மணலில் அஸ்திவாரமிடக் கற்ற ஊரில், அந்த மணலையே லாரிகளில் ஏற்றி அனுப்புவது முன்னோரின் கலையை அடியோடு மறப்பதாகும்.