மாண்டலினின் வயதும் மதிப்பும்

காரைக்காலின் பழைய வீடொன்றில் மேனாட்டு இசைக்கருவி அகப்பட்டால், ‘பிரெஞ்சுக்காரர் காலத்தது’ என்று சொல்லிவிடுவது எளிது. 1954 நவம்பர் 1 வரை இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அச்சொல் நம்பும்படியும் இருக்கும். விலையும் அதனோடு ஏறும். ஆனால் கருவி மாண்டலினாயின், ஒலித்துளைக்குள் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் நாம் அதை ஏற்பதற்கில்லை. அதில் நகோயா என்றிருந்தால் கதை வேறு.

நகோயாவில் ஷமிசென் என்னும் மூன்று தந்திக் கருவியைச் செய்துவந்த மசகிச்சி சுசுகி (1859–1944), 1880களின் பிற்பகுதியில் வயலின் செய்யத் தொடங்கினார். முதல் உலகப்போரில் ஜெர்மானிய ஏற்றுமதி நின்றபோது அவரது தொழிற்சாலை பெருவளர்ச்சி கண்டது. மாண்டலினும் அங்கே உருவானது. பின்னாளில் கிசோவிலிருந்தும் சுசுகி என்ற பெயரில் வேறொரு நிறுவனத்தின் கருவிகள் வந்தன. ஆகவே பெயர் மட்டும் போதாது, ஊரையும் பார்க்கவேண்டும்.

ஆண்டு குறிக்காத கல்வெட்டை எழுத்தமைதி கொண்டு கணிப்பது போலத்தான் இதுவும். ‘நிப்பான்’ என்ற முத்திரை பெரும்பாலும் 1921க்கு முந்தியது. அவ்வாண்டு முதல் அமெரிக்கச் சுங்கத்துறை ‘ஜப்பான்’ என்ற பெயரையே கேட்டது. ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்பது 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. பிற நாடுகளுக்குச் சென்ற சரக்கில் இக்குறிகள் இல்லாமலும் இருக்கலாம். இல்லாமை எதையும் நிறுவாது. கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள் 1930களுக்குப் பின்னரே பரவின. ஆனால் அவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவையா என்பதை அருகிலுள்ள பழைய துளைகள் காட்டிக்கொடுக்கும்.

மதிப்பு வேறு கணக்கு. ஒலித்துளையின் விளிம்பில் மரத்தின் ரேகை தடையின்றி இறங்கினால் மேற்பலகை ஒரே மரம். அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. கழுத்து வளைந்திருந்தாலோ, கடற்கரை ஈரத்தில் பசை விட்டிருந்தாலோ விலை குறையும். தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட கருவி என்பதால், பழமை ஒன்றே அதை அரும்பொருளாக்கிவிடாது. கர்நாடக இசை பயில்வோரும் இதைத் தேடி வருவது அரிது. 1981இல் சென்னையில் கச்சேரி செய்து வியக்கவைத்த சிறுவன் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நிலைநாட்டியது எட்டுத் தந்தி மாண்டலினையன்று. ஒற்றைத் தந்திகள் ஐந்தை உடைய மின் மாண்டலினை. கமகத்துக்கு இரட்டைத் தந்திகள் எளிதில் இசைவதில்லை.

எனினும் விலை குறைந்த கருவிக்கும் வரலாறு உண்டு. சீட்டைச் சுரண்டி, புது வார்னிஷ் பூசி, ‘பிரெஞ்சு’ என்று விற்பவர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை; நகோயாவில் செய்த பொருள் நம் கரைக்கு வந்துசேர்ந்தது என்ற சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார்.