தன்னைத் தானே பேணும் வீடு

நுவரெலியாவில் ஓர் இரவைக் கழித்தவர்கள் குளிர் இன்னதென ஓரளவு அறிவர். வட அமெரிக்காவின் மாரிக் குளிரோ குழாயினுள் நீரை உறையச் செய்து, குழாயையே வெடிக்கச் செய்ய வல்லது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வசதியுள்ள வீடுகளின் நிலவறையில் நிலக்கரி உலை ஒன்று எரிந்துகொண்டிருக்கும். விடியுமுன் எவரேனும் ஒருவர் போர்வையை விலக்கி எழுந்து, இருண்ட படிகளில் இறங்கி, உலையின் காற்றுக் கதவைத் திறந்துவிட வேண்டும். அப்பொழுதுதான் ஏனையோர் எழும்போது வீடு கதகதப்பாயிருக்கும். மூட மறந்தால் கரியும் வீண், வீடும் புழுங்கும். இந்த ஓயாத காவலிலிருந்து மனிதரை விடுவிக்க எழுந்த முயற்சியே, இன்று ‘ஸ்மார்ட் வீடு’ எனப் பேசப்படும் தானியங்கு இல்லத்தின் வரலாறு.

அதன் வேர் மிகப் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொர்னேலிஸ் டிரெபெல் என்னும் ஒல்லாந்தர், முட்டை பொரிக்கும் அடுப்பொன்றை அமைத்தார். சூடு மிகுந்தால் பாதரசம் விரிந்து எழும், அதனால் காற்றுவழி அடைபடும், நெருப்புத் தணியும். கோழி இருந்து காக்கும் சூட்டை ஒரு கருவி காத்தது.

அமெரிக்காவில் இவ்வேலையைத் தூண்டியவர் ஓர் ஆசிரியர். விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வாட்டர் ஆசிரிய கலாசாலையில் கற்பித்த வாரன் ஜோன்சனின் வகுப்பினுள், வெப்பமானியைப் பார்ப்பதற்காகப் பணியாள் ஒருவர் அடிக்கடி நுழைவார். பின்னர் கீழே சென்று உலையைத் திருத்துவார். பாடம் ஒவ்வொரு முறையும் தடைப்படும். இதனைப் பொறாத ஜோன்சன், அறையின் வெப்பநிலையை மின்மூலம் நிலவறைக்கு அறிவிக்கும் கருவியொன்றை ஆக்கி, 1883ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆயினும் மணி ஒலித்தபின் உலையைத் திருத்த ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆளையும் விடுவித்தவர் மினியாப்பொலிஸ் நகரத்து அல்பேர்ட் பட்ஸ் என்பார். அவருடைய பொறி 1885ஆம் ஆண்டிற்குரியது. அறை குளிர்ந்தால் மின்சுற்று மூடும். நிலவறையிலுள்ள சிறு பொறி அரைச் சுற்றுச் சுழலும். அதிற் பிணைத்த சங்கிலி உலையின் காற்றுக் கதவைத் தூக்கும். வேண்டிய சூடு வந்ததும் மற்றோர் அரைச் சுற்று, கதவு வீழும். இவ்வளவே! ஆனால் வீடு தன் நிலையைத் தானே உணர்ந்து, தானே செயற்படும் முறை முழுவதும் இதில் அடங்கிவிட்டது. பின்னர் இதனோடு கடிகாரமும் இணைந்தது. இரவில் சூட்டைத் தணித்து, வைகறையில் உயர்த்தும் வேலையை அது ஏற்றது. எரிபொருள் மிஞ்சியது, விடியலில் படியிறங்கும் கடமையும் ஒழிந்தது.

கணனி வந்தபோது எண்ணம் பெரிதாயிற்று. வெஸ்டிங்ஹவுஸ் கொம்பனியின் பொறியியலாளர் ஜிம் சதர்லாந்து, 1966ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க் நகரில் தம் இல்லத்திலேயே ‘எக்கோ 4’ என்னும் கணனியை அமைத்தார். அதன் நிறை ஏறக்குறைய 800 இறாத்தல். வீட்டுக் கணக்கு, கடிகாரங்கள், வெப்பநிலை ஆகியவற்றைக் கவனிப்பது அதன் பணி. விற்பனைக்கு அது வந்ததேயில்லை. 1969இல் ஹனிவெல் கொம்பனியின் ‘சமையலறைக் கணனி’ 10,600 டொலர் விலையில் விளம்பரமாயிற்று. ஒரு கறிக்குரிய குறிப்பைப் பெறுவதற்கு இல்லத்தரசி இரண்டு வாரப் பயிற்சி பெறவேண்டும்! எந்த வீடும் அதனை வாங்கியதாகத் தெரியவில்லை. அதனை வடித்தவர்கள் சமையலறையில் நின்று பழகியவர்களல்லர் என்றே நான் எண்ணுகிறேன்.

வென்றது எளிய பொருளே. ஸ்கொட்லாந்தின் கிளென்றோதெஸ் நகரத்துப் பொறியியலாளர்கள் 1975இல் ஆக்கிய ‘எக்ஸ் 10’ முறைக்குப் புதிய கம்பி வேண்டியதில்லை. சுவரிலுள்ள மின்கம்பி வழியாகவே கட்டளை சென்றது. 256 முகவரிகள் வரை குறிக்கலாம். வேறு மின்கருவிகளின் இரைச்சலால் கட்டளை சிலவேளை பிழைத்ததுண்டு. எனினும் நோயுற்றுக் கிடப்பவர் படுக்கையிலிருந்தே விளக்கை அணைக்கலாம். வெளியூர் சென்றவரின் வீட்டில் அந்தியில் விளக்கேற்றலாம். பிறர் கையை எதிர்பார்த்து வாழும் முதியவருக்கு இது சிறு நன்மையன்று.

வீட்டார் பழக்கத்தைக் கற்கும் வெப்பச் சீராக்கி 2011இலும், குரலுக்குச் செவிசாய்க்கும் அமேசன் ஒலிபெருக்கி 2014இலும் வந்தன. இத்தகைய கருவிகள் பலவற்றின் மதி பெரும்பாலும் வீட்டினுள் இல்லை. இணையத்துக்கு அப்பால், கொம்பனியின் கணனிகளில் உள்ளது. அதன் விளைவு 2016 மே மாதத்தில் வெளிப்பட்டது. விளக்கு முதலிய கருவிகளை ஒருங்கிணைக்கும் ‘றிவோல்வ்’ என்னும் 300 டொலர்க் கருவியின் உரிமை, கூகிளின் தாய்க் கொம்பனியைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் தன் சேவையை நிறுத்தியதும், பழுதேதுமற்ற கருவிகள் வாங்கியவர் வீட்டில் உயிரற்றுப் போயின. பட்ஸின் சங்கிலியோ வீட்டாரின் நிலவறையிலேயே தொங்கியது. அறுந்தால் ஊர்க் கொல்லரும் அதனைப் பொருத்தித் தரக்கூடும்.

வெவ்வேறு கொம்பனிகளின் கருவிகள் வீட்டு வலையமைப்பினுள்ளேயே ஒன்றோடொன்று உரையாடுதற்கென ‘மேட்டர்’ என்னும் பொதுவிதி 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.