கிறீம் டியூப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்



தோட்டத்துக்கு மருந்தடித்த கையில் அரிப்பு, குளிருக்குத் தோல் வெடிப்பு, பிள்ளைக்கு எக்ஸிமா. இதற்கெல்லாம் பூசிய ஸ்டெரோயிட் கிறீம் நம்மில் பலர் வீட்டு அலுமாரியில் கிடக்கும். அதன் வரலாறு தெரிந்தால் பாவிக்கும் முறையும் விளங்கும்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டொக்டர் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் இலகுவாக நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு பலவீனமானது.

1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு டொக்டர்மார், ஹைட்ரோகோர்ட்டிசோனைப் பூசினால் எக்ஸிமா தணியும் என்று காட்டினார்கள். அதைவிட வலிய பெட்டாமெத்தசோன் வலரேட் 1960களில் வந்தது. வலிமையோடு தீங்கும் கூடியது. தோல் மெலிந்தது, சிவப்பு நரம்புகள் தெரிந்தன. படை மேல் பூசினால் அரிப்பு அடங்கும், ஆனால் பங்கசு மறைந்திருந்து பரவும் என்று 1968இலேயே பிரித்தானிய டொக்டர்மார் எழுதினார்கள்.

இந்தியாவில் முகத்தோல் நோயோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்துக்கு ஸ்டெரோயிட் பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வெள்ளையாவதற்காகப் பூசியவர்களும் அதில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் 'ஃபெயார்னஸ் கிறீம்' தேடும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

நம் ஊவாவின் பிபிலை ஊர்ப் பெயரைத் தன் பெயரில் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைப் பாருங்கள் என்பதே அவர் வாதம். டியூப்பிலும் அந்தப் பெயரையே தேடுங்கள்:

▪ ஹைட்ரோகோர்ட்டிசோன் 1% – மென்மையானது
▪ குளோபெட்டசோன் 0.05% – நடுத்தரம்
▪ பெட்டாமெத்தசோன் வலரேட் 0.1% – வலியது
▪ குளோபெட்டசோல் 0.05% – மிக வலியது

சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசி எழுத்து மாறினால் நடுத்தரம் மிக வலியதாகிவிடும்.

அதற்காகப் பயந்து, டொக்டர் தந்த கிறீமை இரண்டே நாளில் நிறுத்துவதும் பிழை. பிள்ளை இரவெல்லாம் சொறியும். நடுத்தரக் கிறீமை டொக்டர் சொன்ன நாட்களுக்கு, ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு தடவை, நோயுள்ள இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். வளர்ந்தவரின் விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிறீம், விரல்களோடு சேர்த்து இரண்டு கையளவு இடத்துக்குப் போதும். முகம், அக்குள், தொடை இடுக்கு, கைக்குழந்தை என்றால் டொக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். மாதக்கணக்கில் பூசியவர் திடீரென நிறுத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த வீட்டார் கொடுத்த டியூப்பைத் திறக்க முன், சின்ன எழுத்தை ஒருமுறை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நம் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.