திண்டுக்கல் புகையிலையும் புகை துறந்தோரும்

ஆங்கில அகராதியில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. மேனாட்டார் வாயில் புகையும் சுருட்டுக்கு வழங்கும் பெயர் அது. அச்சொல் நம் 'சுருட்டு' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே. பொருளை நாம் அந்நியரிடமிருந்து பெற்றோம். பெயரை அந்நியருக்கு நாம் கொடுத்தோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடி போர்ச்சுகீசியரின் கப்பல்களில் இந்தியக் கரை சேர்ந்து, தமிழகத்தின் கிணற்றுப் பாசன நிலங்களில் வேரூன்றிய பின்னர் நேர்ந்த கொடுக்கல் வாங்கல் இது.

அவ்வாறு வேரூன்றிய நிலங்களுள் திண்டுக்கல் சமவெளிக்கு ஒரு தனியிடம் உண்டு. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து அமர்ந்த ஊர் அது. 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு மாறிய ஊரும் அதுவே. மலைக்கோட்டையின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். கோட்டையைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாற்றை எழுதியவர் குறைவு. அம்மண்ணின் வரலாற்றில் பெரும்பகுதி புகையிலையின் வரலாறாகும்.

புகையிலை நுணுக்கமான பயிர். கிணற்று நீரில் உப்பு மிகுந்தால் இலை சரியாக எரியாது. அத்தகைய இலை சுருட்டுக்கு ஆகாது. ஆனால் மெல்லும் புகையிலைக்கு அந்த நீரே போதும். எனவே எந்தக் கிணற்றின் இலை எரியும், எந்தக் கிணற்றின் இலை வெற்றிலையோடு சேரும் என்பதை நீரைச் சுவைத்தே சொல்லத்தக்க குடியானவர்கள் இப்பகுதியில் இருந்தனர். பூக்கும் பருவத்தில் கொழுந்தைக் கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்துவிடுவர். செடியின் சத்தெல்லாம் எஞ்சிய இலைகளில் சேரும், காரமும் ஏறும். வேரில் உண்டாகி இலையில் தங்கும் 'நிக்கோடின்' என்னும் நஞ்சே அக்காரம். அதனை இலையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மானியர் இருவர், ஆண்டு 1828. நம் குடியானவருக்கோ அந்த நஞ்சின் பெயர் தெரியாது; அதைப் பெருக்கும் வழி மட்டும் தெரிந்திருந்தது.

திண்டுக்கல்லில் விளைந்த இலை திருச்சிராப்பள்ளிக்கும் சென்றது. உறையூர்ச் சுருட்டாகி 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரில் உலகம் சுற்றியது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் முதல் நாவலில் துப்பறிவாளர் கொலைகாரனின் சுருட்டுச் சாம்பலைக் கண்டு, அது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு எனத் தெளிகிறார். புகழ் திருச்சிக்கு, விளைச்சல் திண்டுக்கல்லுக்கு! பின்னர் ஸ்பென்சர் கம்பெனியாரே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். விடுதலைக்குப் பின் 1948-இல் அருகிலுள்ள வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. தோல், பூட்டு, புகையிலை என்ற மூன்றுமே திண்டுக்கல்லின் அடையாளம் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர்.

ஊருக்குச் சோறு போட்ட இலையை உடலுக்கு ஆகாதென்று சொல்வது எளிதன்று. ஆயினும் இலை வந்த நாளிலிருந்தே அதை விட முயன்றோரும் இருந்திருக்கின்றனர். விடும்படி ஆணையிட்டோரும் இருந்திருக்கின்றனர். அந்த முயற்சிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்று பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

முதலில் அக்பரின் அவைக்குச் செல்வோம். பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அஸத் பேக் என்னும் அதிகாரி, அங்கே கண்ட புதுமையான புகையிலையையும் மணிகள் பதித்த குழாய் ஒன்றையும் பேரரசரிடம் காணிக்கையாக வைத்தார். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. பேரரசர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அரண்மனை மருத்துவர் பதறிப்போய் மேற்கொண்டு இழுக்க விடவில்லை. நம் மருத்துவ நூல்கள் எதிலும் இல்லாத பொருளை எவ்வாறு நம்புவது என்பது மருத்துவரின் வாதம். ஒவ்வொரு வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாக இருந்ததுதானே என்பது அஸத் பேக்கின் மறுப்பு. வாதத்தில் வென்றவர் அஸத் பேக் என்றே அவருடைய குறிப்பு காட்டுகிறது. குறிப்பை எழுதியவரும் அவரே என்பதை நாம் மறக்கலாகாது. அக்பர் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் பிரபுக்கள் கேட்டு வாங்கினர். வணிகர் தருவித்து விற்றனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1617-இல், அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் புகையிலையைத் தடைசெய்ய வேண்டிவந்தது.

ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ள செய்தி ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அவர் பாரசீகத்திற்குத் தூதராக அனுப்பியவர் கான் ஆலம். அங்கே ஷா அப்பாஸும் புகையைத் தடுத்திருந்தார். கான் ஆலமோ ஒரு நொடியும் புகையின்றி இருக்க இயலாதவர். இரு பேரரசுகளின் தடைக்கும் நடுவே நின்ற அந்தத் தூதரின் தவிப்பு ஷாவின் காதுக்கு எட்டவே, அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அரசியல் சாதுரியத்திற்காக அனுப்பப்பட்ட ஒருவரின் பலவீனம் வரலாற்றில் இவ்வாறு பதிவாகிவிட்டது.

உதுமானியப் பேரரசில் நிலைமை இன்னும் கடுமை. நான்காம் முராத் சுல்தான் 1633-இல் விதித்த தடையை மீறியோருக்கு மரண தண்டனை கிடைத்தது. ஹாஜி கலீஃபா எனப் புகழ்பெற்ற காத்திப் செலெபி 1656-இல் எழுதிய நூலில் இதைக் கூறுகிறார். சிப்பாய்கள் குட்டையான குழாய்களைச் சட்டைக் கைகளுக்குள் மறைத்து வைத்திருந்தார்களாம். தண்டனை நிறைவேறும் இடத்திலேயே சமயம் பார்த்து இழுத்தார்களாம்! பழக்கமாகிவிட்டதை ஆணையால் பறிக்க இயலாது என்பது அவருடைய கருத்து. உலமாக்களிடையிலும் ஒருமித்த தீர்ப்பு இல்லை. விலக்கப்பட்டது என்றோர் சிலர். வெறுக்கத்தக்கது என்றோர் சிலர். டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ போன்றோர் ஆகுமானதே என்று நூல் எழுதினர்.

வாளால் முடியாதது ஒரு சொல்லால் முடிந்த அதிசயம் 1891-இல் ஈரானில் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நாஸிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை வாணிகம் முழுவதையும் டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு 50 ஆண்டு ஏகபோகமாகத் தாரை வார்த்தார். ஆண்டுக்கு 15,000 பவுனும் இலாபத்தில் கால் பங்கும் ஷாவுக்கு. வணிகரும் குடியானவரும் கொதித்தெழுந்தனர். 1891 டிசம்பரில், ஸாமர்ராவில் இருந்த மீர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வந்தது. இனி எவ்வகையிலும் புகையிலையைப் பயன்படுத்துவது இமாமை எதிர்த்துப் போர் தொடுப்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. கடைகள் மூடப்பட்டன, நீர்க்குழாய்கள் உடைக்கப்பட்டன. ஷாவின் அந்தப்புரத்துப் பெண்டிரும் புகையைத் துறந்தனர். 1892 ஜனவரியில் ஷா பணிந்து உரிமையை ரத்துச் செய்தார். நஷ்டஈடாக 5 இலட்சம் பவுன் கடன் நாட்டின் தலையில் ஏறியது வேறு கதை.

அரசியல் வரலாற்றாசிரியர் இதனை மக்கள் எழுச்சி என்பர், உண்மையே. நம் கேள்வி வேறு. தலைமுறை தலைமுறையாக நீர்க்குழாயோடு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 7 வாரங்கள் அதை எப்படித் தொடாமல் இருந்தனர்? ஈமானின் உறுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதனோடு மற்றொன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். கண்ணெதிரே புகைப்பவர் எவரும் இல்லை. கடை இல்லை, வாசனை இல்லை, 'ஓர் இழுப்பு வாங்கிக்கொள்' என்று நீட்டும் நண்பன் இல்லை. அனைத்துக்கும் மேலாக, கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. ஃபத்வா விலக்கிக்கொள்ளப்பட்டதும் நீர்க்குழாய்கள் மீண்டும் வந்தன. அவர்கள் ஒரு கம்பெனியை எதிர்த்துத் துறந்தார்களே அன்றிப் புகையையே எதிர்த்துத் துறக்கவில்லை.

எதிர்பார்ப்புக்கும் ஏக்கத்துக்கும் உள்ள உறவை அண்மைக் காலத்தில் ஆய்ந்து காட்டியவர் ரூவன் தார் என்ற இஸ்ரேலிய உளவியலாளர். 2010-இல் வெளியான அவருடைய ஆய்வு, புகைபிடிக்கும் விமானப் பணியாளரைப் பற்றியது. விமானத்தில் புகைக்க இயலாது. ஏக்கம் உடலில் நஞ்சு குறைவதனால் மட்டும் எழுவதாயின், பயணம் நீள நீள அது ஒரே சீராக ஏறவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. குறுகிய பயணத்தின் முடிவில் எழுந்த ஏக்கம், நெடும் பயணத்தில் அதே அளவு நேரம் கழிந்தபோது இருந்த ஏக்கத்தைவிட மிகுதியாக இருந்தது. இறங்கப்போகிறோம், புகைக்கப்போகிறோம் என்ற நினைவே ஏக்கத்தை மூட்டியது.

இதைப் படிக்கும் நம் வாசகருக்கு ரமலான் நினைவுக்கு வராமல் இராது. திண்டுக்கல் பேகம்பூரில் நோன்பாளியான ஒருவர் ஸஹர் முடிந்தது முதல் மஃரிப் வரை 13 மணி நேரத்துக்கு மேல் புகையின்றி இருக்கிறார். நிக்கோடின் இரத்தத்தில் 2 மணிக்கொருமுறை பாதியாகக் குறையும். பிற்பகலுக்குள் அது பெரும்பாலும் அற்றுவிடும். கணக்குப்படி அவர் நண்பகலிலேயே துடித்தாக வேண்டும். ஆனால் பலர் பகலெல்லாம் அதை நினைப்பதே இல்லை என்பர். பாங்கு ஒலிக்கும் நேரம் நெருங்கும்போதுதான் விரல்கள் பரபரக்கத் தொடங்கும். பேரீச்சம்பழத்தையும் நோன்புக் கஞ்சியையும் அவசரமாக முடித்துக்கொண்டு தெருமுனைக்கு விரைவோரை நாம் கண்டதில்லையா? தடை இல்லை என்ற எண்ணம் வந்த கணத்தில் ஏக்கமும் வந்துவிடுகிறது.

உடலின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. விட்ட முதல் 3 நாட்கள் கடினமானவை. எரிச்சல், உறக்கமின்மை, பசி, கவனச் சிதறல் யாவும் வரும். 2 முதல் 4 வாரங்களுக்குள் படிப்படியாகத் தணியும். நோன்பு காலத்தில் இரவுதோறும் புகைப்பவர் அந்த முதல் நாளையே முப்பது முறை கடக்கிறாரேயன்றி இரண்டாம் நாளுக்குச் செல்வதில்லை. பகல் முழுதும் வென்ற வெற்றியை ஒவ்வோர் இரவும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எவ்வளவு பெரிய நஷ்டம்!

தனித்தனியே எழும் ஏக்கம் சில நிமிடங்களில் உச்சம் ஏறித் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஏலக்காயோ கிராம்போ நெல்லி வற்றலோ வாயில் போடலாம், ஒரு குவளை நீர் அருந்தலாம், எழுந்து நடக்கலாம். ஒளூச் செய்வதும் அந்த நேரத்தைக் கடக்க உதவும். வெற்றிலைப் பெட்டியை நாடுவது மட்டும் கூடாது. சுருட்டை விட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்பவர் எதையும் விட்டவராகார். இவ்வூரில் அந்தத் தாவல் மிக எளிது. அங்கு விலாஸ் போன்ற மெல்லும் புகையிலைப் பெயர்கள் திண்டுக்கல்லை நாடறியச் செய்தவை.

பழனி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்த 'புகையிலை விடு தூது' என்ற சிற்றிலக்கியம் இப்பகுதிக்குரியது எனலாம். பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளது. பாடியவர் சீனிச் சர்க்கரைப் புலவர். மதீனத்தந்தாதி பாடிய சர்க்கரைப் புலவரின் மரபினர் அவர் என்பது நம் இலக்கிய அன்பர்க்கு உவப்பளிக்கும். மும்மூர்த்திகளுக்குக் கிட்டிய மூன்று இலைகளில் இரண்டு நீரில் போய்விட, ஒன்று மட்டும் 'போகையிலை' என நின்றுவிட்டதாம். அதுவே புகையிலை ஆயிற்றாம். புலவர் புகழ்ச்சியாகச் சொன்னது. விட முயன்று தோற்றவர் இச்சிலேடையை வேறு வகையில் புரிந்துகொள்வர்.

நம் காலத்தில் உதவிக்குக் குறைவில்லை. 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நாட்டில் தொடங்கிய 13 புகையிலை மீட்பு மருத்துவ மனைகளுள் ஒன்று அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தில் அமைந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2016-இல் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனையின் எண் 1800-11-2356. நிக்கோடின் அடங்கிய மெல்லும் பசையும் உண்டு. மருத்துவரைக் கேட்டுக் கொள்ளலாம். இருந்தும் 2016-17 கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 விழுக்காட்டினரும், தமிழகத்தில் 20 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். காலம் கடந்துவிட்டது என்று கைவிரிக்கும் முதியவருக்கு ரிச்சர்ட் டாலின் கணக்கைச் சொல்லலாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அவர் 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, 30 வயதில் சிகரெட்டை விட்டவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை மீட்கிறார். 60 வயதில் விட்டவரும் 3 ஆண்டை மீட்கிறார்.

ரமலானை வாய்ப்பாகக் கொண்டு விட நினைப்போர் பகலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காக்க வேண்டியது மஃரிபுக்கும் தராவீஹுக்கும் இடைப்பட்ட நேரம். அந்நேரத்தில் தெருமுனைக் கடைப் பக்கம் போகாமல் பள்ளியிலேயே இருந்துவிடலாம். புகைக்காத ஒருவரோடு வீட்டுக்கு நடக்கலாம். பெருநாள் இரவு இன்னும் கடினம். ஈரானியருக்கு 1892-இல் நேர்ந்தது அந்த இரவில்தான் நம்மவருக்கும் நேர்கிறது. பிறை தெரிந்த செய்தி வந்ததும் கடை வாசலில் கூடும் கூட்டத்தை எவரும் காணலாம்.