கண்ணுக்குள் ஓடிய மஞ்சள் சாயம்



சீனி வருத்தக்காரருக்குக் கையில் மஞ்சள் மருந்து ஏற்றிக் கண்ணைப் படமெடுக்க வேண்டும் என்றால் நம்மில் பலர் பயப்படுகிறோம். அதன் வரலாறு இது.

ஃபுளோரசீன் என்ற இந்தச் சாயத்தை 1871இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் அடோல்ஃப் வான் பேயர். பிறகு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான ஹரோல்ட் நொவோட்னியும் டேவிட் ஆல்விஸும், ஊசி யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள். தோற்றவர் ஆல்விஸ். அவர் கண்தான் படமானது! கண் மருத்துவ இதழ் ஏற்காத கட்டுரையை 1961இல் 'சர்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழ் வெளியிட்டது.

சாயம் சில விநாடிகளில் விழித்திரையை அடையும். நீல ஒளி பட்டதும் பச்சையாக மினுங்கி, கசியும் இரத்தக்குழாயைக் காட்டிக்கொடுக்கும். தோலும் சிறுநீரும் மஞ்சளாவது ஓரிரு நாளில் மாறிவிடும். ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பார்வை மங்கும்வரை காத்திருக்காதீர்கள். உம்மா வாப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.